ஜவுளிக்கடை வேலைக்கு வரும் தம்பி, தங்கைகளுக்கு

தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் சேலை செக்‌ஷனில் பல வருஷம் நின்றவள் நான். பன்னிரண்டாவது முடித்த கையோடு ஊரிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகளிடம் எல்லாரும் கஸ்டமரிடம் எப்படிப் பேசுவது என்றுதான் சொல்லிக் கொடுப்பார்கள். நான் முதலில் கால்களைப் பற்றிச் சொல்வேன்.

காலையில் தளர்வாகக் கிடந்த கொலுசு சாயங்காலம் இறுகிப் பிடித்தால் கால் வீங்குகிறது என்று அர்த்தம். அதை விட்டுவிட்டால், முழங்காலுக்குப் பின்னால் நரம்பு நீலமாக முறுக்கிப் புடைத்துவிடலாம். ஒரே இடத்தில் ஊன்றி நிற்காதீர்கள், குதிகாலை ஏற்றி இறக்கிக்கொண்டே இருங்கள். ராத்திரி படுக்கும்போது காலைச் சுவரில் உயர்த்தி வையுங்கள். பாத்ரூம் போக அனுமதி கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீரைக் குறைக்கவே கூடாது. நீர்க்கடுப்பில் துடித்த பிள்ளைகளைக் கடை ஹாஸ்டலில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உட்காருவது உங்கள் உரிமை. கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் வருஷக்கணக்கில் போராடியதால் கேரளாவில் 2018-ல் அதற்குச் சட்டம் வந்தது. நம் தமிழ்நாட்டிலும் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் ஸ்டூலைத் தனியாகப் போய்க் கேட்காதீர்கள், கேட்டவர் பெயர் மட்டும் நின்றுவிடும். செக்‌ஷனே சேர்ந்து, கூட்டமில்லாத மதிய நேரத்தில் சூப்பர்வைசரிடம் கேளுங்கள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி நேரத்தில் யார் காதிலும் விழாது.

அடுத்தது பிஎஃப், அதாவது சம்பளத்தில் பிடிக்கும் வருங்கால வைப்பு நிதி. என்னோடு நின்ற ஒருத்தி கல்யாணத்துக்காக வேலையை விட்டாள். பணம் எடுக்கப் போனால், ஓடிபி வேறு யாருடைய போனுக்கோ போனது. அவளை பிஎஃபில் சேர்த்துவிட்டவர் தன் நம்பரைக் கொடுத்து வைத்திருந்தார். போதாததற்கு, ஆதாரில் இன்ஷியல் முன்னால், பிஎஃபில் பின்னால். அவள் வேர்வை சிந்தி உழைத்த காசு, அதற்கு மாசக்கணக்கில் அலைந்தாள். அதனால் முதல் சம்பளம் வாங்கியதுமே யுஏஎன் என்கிற உங்கள் பிஎஃப் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் சொந்த போன் நம்பர்தான் அதில் இருக்கிறதா, பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஈஎஸ்ஐ என்கிற மருத்துவக் காப்பீட்டையும் அப்படித்தான் கவனிக்க வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களிடம் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். அந்தக் காசுக்கு உங்களுக்கு மட்டுமல்ல, உங்களை நம்பியிருக்கும் அப்பா அம்மாவுக்கும் மருத்துவம் உண்டு. சேரும்போதே அவர்கள் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.