கரையோரப் பறவைக் கணக்கு

நுழையும்முன்

நாரையைத் தூது விடுத்த சத்திமுற்றப்புலவர், அதன் காலின் நிறத்தையும் அலகின் வடிவத்தையும் கூர்ந்து நோக்கிப் பாடினார். நீர்ப்பறவைகளை இனங்காண இன்றும் இவ்விரண்டுமே முதன்மையான அடையாளங்கள். அத்தகைய கூர்நோக்கோடு எண்ணிக்கையும் சேரும்போது அது அறிவியல் சான்றாகிறது. அச்சான்றைத் திரட்டும் தன்னார்வலர்களின் பணியை இப்பாடம் விளக்குகிறது.

தொலைவிலிருந்து வரும் விருந்தினர்

நாகப்பட்டினம் மாவட்டத்தில் வங்கக்கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனையில் கோடியக்கரை அமைந்துள்ளது. அங்குள்ள சதுப்பு நிலம், சேற்றுவெளி, உப்பளம் ஆகியவை ஒவ்வொரு குளிர்காலத்திலும் பூநாரை, ஊசிவால் வாத்து, ஆலா, உள்ளான் முதலிய பறவைகளுக்குப் புகலிடமாகின்றன. அவற்றுள் வளைமூக்கு உள்ளான் ஏறத்தாழ 60 கிராம் எடையே உடையது. சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரிக்கும் இப்பறவை, பனி சூழுமுன் அங்கிருந்து புறப்பட்டுப் பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து இக்கரையை அடைகிறது. சேற்றில் வாழும் புழுக்களையும் சிற்றுயிர்களையும் தின்று உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டால்தான் அதனால் மீண்டும் வடக்கே செல்ல இயலும். நாம் வெற்று நிலமென எண்ணும் சேற்றுவெளியே அதன் நெடும்பயணத்திற்கான கட்டுச்சோற்றைத் தருகிறது.

தன்னார்வலர் பணி

1987 ஆம் ஆண்டு தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, ஆண்டுதோறும் சனவரித் திங்களில் நடைபெறுகிறது. வலசைப் பறவைகள் பயணத்தை முடித்து ஓரிடத்தில் தங்கியிருக்கும் காலம் அது. மாணவர், ஆசிரியர், பறவை ஆர்வலர் எனப் பலரும் ஊதியம் கருதாது இப்பணியில் பங்கேற்கின்றனர்.

காலையில் கதிரவன் முதுகுப்புறம் இருக்குமாறு நின்றால் பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். ஒருவர் இருநோக்கியால் பார்த்துச் சொல்ல, மற்றொருவர் குறித்துக்கொள்வார். பெருங்கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண இயலாது. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடைத்துள்ள பரப்பை மனத்தில் கொள்ள வேண்டும். அதுபோன்ற பத்துப் பரப்புகள் சேர்ந்தால் நூறு. அந்நூற்றை அளவுகோலாகக் கொண்டு கூட்டம் முழுவதையும் கணிப்பர். கூட்டம் எழுந்து பறந்தால், நேரத்தையும் திசையையும் குறிப்பர். ஒரே கூட்டம் இரு குழுவினரின் கணக்கிலும் சேர்ந்துவிடாதிருக்க இக்குறிப்பு உதவும்.

காணாததும் கணக்கே

இப்பணிக்குக் கூரிய கண்ணைவிட நேர்மையே முதன்மையானது. இனம் தெரியாத பறவைக்கு ஊகத்தால் பெயரிடலாகாது. ‘இனம் அறியப்படாத உள்ளான்’ என்றே எழுத வேண்டும். சென்ற ஆண்டு கண்ட பறவை இவ்வாண்டு வரவில்லையெனில், அதனையும் பதிவு செய்தல் கடமை. அந்த இன்மையும் ஒரு சான்றே.

வானை மறைக்கும் கூட்டத்தைக் காண்போர்க்குக் குறைவு புலப்படுவதில்லை. பத்தாயிரம் பறவைகள் எட்டாயிரமாகக் குறைந்தாலும் கண்ணுக்கு அது பெருங்கூட்டமே. அடுத்த தலைமுறையினர் அவ்வெட்டாயிரத்தையே இயல்பு எனக் கொள்வர். எழுதி வைத்த எண் இருந்தால்தான் இழப்பு தெரியவரும்.

எனினும், ஓராண்டுக் குறைவைக் கொண்டு முடிவு செய்தலும் தவறு. மழை மிகுந்த ஆண்டில் உள்நாட்டு ஏரிகள் நிரம்புவதால் பறவைகள் அங்கும் பரவியிருக்கக்கூடும். ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், பல்லாண்டுகள் எண்ணினால்தான் உண்மை விளங்கும். பல நாட்டுக் கரைகளில் திரட்டப்பட்ட நெடுங்காலத் தரவுகளின் துணையால், 2024 இல் வளைமூக்கு உள்ளான் அழியும் வாய்ப்புள்ள இனமாகப் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் குறிக்கப்பட்டது.

ஒரு கரையில் ஒருநாள் எடுத்த கணக்கு சிறிதாகத் தோன்றலாம். ஆண்டுகள் பல கடந்து, ஒரு நீர்நிலையைக் காக்க வேண்டும் என எவரேனும் வாதிடும்போது அவர் எடுத்துக்காட்டுவது அக்கணக்கைத்தான். ஆதலால் சேற்றில் நின்று எழுதும் மாணவர், ஓர் எண்ணையும் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதுவாராக.

தெரிந்து தெளிவோம்

ஈர நிலங்களைக் காப்பதற்கான உடன்படிக்கை 1971 இல் ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் கையெழுத்தானது. 20,000 அல்லது அதற்கு மேற்பட்ட நீர்ப்பறவைகள் தொடர்ந்து தங்கும் ஈர நிலம், அவ்வுடன்படிக்கையின்படி பன்னாட்டு முதன்மை பெறும் தகுதி உடையது. 2002 இல் கோடியக்கரை, தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தளமானது.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர் ஏரிக்கோ குளத்திற்கோ ஒரு மாத காலம், வாரந்தோறும் ஒரே நேரத்தில் சென்று, அங்குக் காணும் பறவைகளை எண்ணி அட்டவணைப்படுத்துக. எண்ணிக்கை வேறுபட்டதற்கான காரணங்களை வகுப்பில் கலந்துரையாடுக.