வாடகை வீட்டில் பிரிட்ஜ் குளிரவில்லையா?

சொந்த வீடு திருத்தி முடியும்வரை வாடகை வீட்டில் தங்கும் குடும்பங்கள் பல. சில வீடுகளில் உரிமையாளரின் பழைய பிரிட்ஜும் சேர்த்தே தரப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடு, எலி கடித்த வயர், அடிக்கடி ஏறி இறங்கும் மின்சாரம் என்று அந்தப் பிரிட்ஜ் குளிராமல் போகக் காரணங்கள் நிறைய இருக்கலாம். அவற்றில் சிலவற்றை நீங்களே பார்த்துச் சரிசெய்யலாம். மற்றவற்றில் கைவைத்தால் பணத்தை மட்டுமல்ல, உயிரையும் இழக்க நேரலாம்.

முதலில் உள்ளே இருப்பவை

கதவைத் திறந்து திறந்து பார்க்க வேண்டாம். மூடியே வைத்தால் உள்ளிருக்கும் குளிர் ஏறக்குறைய 4 மணித்தியாலம் தாங்கும். அதற்குமேல் போனால் மீன், இறைச்சி, பால், சமைத்த சோறு, கறி ஆகியவற்றைக் கொட்டிவிடுங்கள். மணந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள். நோய் தரும் கிருமிகள் எப்போதும் மணத்தை மாற்றுவதில்லை. சாமானைக் கொட்ட மனம் வராது என்பது தெரியும். ஆனால் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தால் செலவு அதைவிடக் கூடும்.

வீட்டில் யாராவது இன்சுலின் போடுபவர் இருந்தால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். திறக்காத குப்பி 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். பாவனையில் உள்ள பெரும்பாலான வகைகள் 30 பாகைக்கு மேற்படாத இடத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும். உங்களுடைய வகைக்குரிய அளவு பெட்டிக்குள் இருக்கும் துண்டுப்பிரசுரத்தில் எழுதப்பட்டிருக்கும், கிளினிக்கிலும் கேட்கலாம். தகரக் கூரையின் கீழ் பகலில் 30 பாகையைத் தாண்டுவது சாதாரணம். ஆகவே ஒரு பெரிய மண்பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் ஈர மணல் போட்டு, மேலே நனைத்த துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். குப்பியை நனையாத பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுச் சிறிய பானைக்குள் வைக்கலாம். கச்சான் காற்று வீசும் நாட்களில் இது நன்றாகக் குளிரும். மாரியில் பயன் குறைவு. அப்போது அயல்வீட்டுப் பிரிட்ஜில் இடம் கேட்பதே நல்லது. இன்சுலினை ஐஸ் கட்டியோடு ஒட்டி வைக்கக்கூடாது. உறைந்துபோன இன்சுலினைப் பிறகு பாவிக்கவும் கூடாது.

தொடுவதற்கு முன்

பிரிட்ஜின் கதவில் கை பட்டதும் சுரீர் என்று அடித்தால், கருகிய மணம் வந்தால், பிளக் சூடாகி நிறம் மாறியிருந்தால், அல்லது வெள்ளத்தில் பிளக்கோ மோட்டரோ நனைந்திருந்தால், பரிசோதனை எதுவும் வேண்டாம். காய்ந்த இடத்தில் செருப்புப் போட்டு நின்று மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். யாரையாவது மின்சாரம் பிடித்துவிட்டால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை நிறுத்துங்கள். அதன் பிறகு 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதை வீட்டுக்கு வந்த அன்றே பெரிய பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள்.

ட்ரிப் சுவிட்ச் திரும்பத் திரும்ப விழுந்தால், எங்கேயோ மின்சாரம் கசிகிறது என்று அது எச்சரிக்கிறது. அதைத் தடி வைத்து நிறுத்துவது, பியூசுக்குத் தடித்த கம்பி போடுவது போன்ற 'உதவிகளை' யார் செய்துதர வந்தாலும் மறுத்துவிடுங்கள். மூன்று கால் பிளக்கை இரண்டு கால் துளையில் செருகும் வழியும் ஆபத்தானது. அதில் ஏர்த் இணைப்பு இல்லாமல் போகிறது.

நீங்களே பார்க்கக்கூடியவை

மேலே சொன்ன அறிகுறி எதுவும் இல்லையென்றால், அதே பிளக் துளையில் போன் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். சார்ஜ் ஏறாவிட்டால் குறை வீட்டு வயரிங்கில் இருக்கிறது. ஏறினால் பிரிட்ஜின் உள்லைற்றைப் பாருங்கள். லைற் எரிகிறது, ஆனால் மோட்டர் சத்தம் இல்லை என்றால், உள்ளேயிருக்கும் குளிர்த் திருகு பூச்சியத்தில் நிற்கலாம். கழுவும்போது யாரோ திருப்பியிருப்பார்கள். பொதுவாக எண் கூடக்கூடக் குளிர் கூடும். ஒரு கதவுப் பிரிட்ஜில் அந்தத் திருகின் நடுவில் ஐஸ் உருக்கும் பொத்தான் இருக்கும். அது அழுந்தியிருந்தால் ஐஸ் உருகும்வரை மோட்டர் ஓடாது.

மோட்டர் தொடங்கும்போது வீட்டு லைற் மங்கி, மோட்டர் உறுமிவிட்டு நின்றால் மின்னழுத்தம் குறைவாக இருக்கலாம். லைனின் கடைசியில் உள்ள வீடுகளில் இது வழமை. பிளக்கைக் கழற்றிவிட்டு மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு அறிவியுங்கள். மின்வெட்டு நேரத்திலும் பிளக்கைக் கழற்றிவைத்து, கரண்ட் வந்து 5 நிமிடம் கழித்தே போடுங்கள்.

மோட்டர் ஓடியும் குளிர் குறைவு என்றால் கதவு றபரைப் பாருங்கள். ஒரு தாளைக் கதவுக்கிடையில் வைத்து மூடி இழுங்கள். தாள் இலகுவாக வந்தால் குளிர் வெளியே போகிறது. றபரைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்தாலே பல இடங்களில் சரியாகும். பின்பக்கத்துக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் பிரிட்ஜை வைக்கவேண்டாம். கனகாலம் பூட்டியிருந்த வீடாயின் பின்னால் கை விடுவதற்கு முன் வெளிச்சம் அடித்துப் பாருங்கள், பாம்பு இருக்கலாம்.

ஐஸ் தடித்திருந்தால் பிளக்கைக் கழற்றி, கதவைத் திறந்து, தானாக உருக விடுங்கள். உள்ளே ஒரு கிண்ணம் சுடுதண்ணீர் வைத்தால் விரைவாக உருகும். கத்தியாலோ திருப்புளியாலோ குத்தவே கூடாது. உள்ளே வாயு ஓடும் குழாய் மெல்லிய உலோகம். அது துளைபட்டால் பல நேரங்களில் திருத்துவதைவிட வேறு பிரிட்ஜ் வாங்குவது இலாபம் என்றாகிவிடும். அந்தக் கணக்கு வீட்டுக்காரருக்கு முன்னால் உங்கள் பெயரில்தான் நிற்கும்.

உழவு இயந்திரத்தில் படுக்கவைத்து ஏற்றிவந்த பிரிட்ஜ் என்றால், நிமிர்த்தி வைத்து ஒரு நாள் கழித்தே பிளக்கைப் போடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் குளிரவில்லையென்றால் அதோடு நிறுத்துங்கள். பின்மூடியைக் கழற்ற வேண்டாம். மோட்டரோடு உள்ள கப்பாசிற்றரில், பிளக்கைக் கழற்றிய பின்னும் மின் தங்கியிருக்கலாம். புதிய பிரிட்ஜ்கள் பலவற்றில் எரியக்கூடிய ஐசோபியூட்டேன் வாயு இருக்கிறது. அது சமையல் எரிவாயுவின் இனம்.

வீட்டுக்காரரிடம் சொல்லுதல்

'கேட்டால் வீட்டைக் காலிசெய்யச் சொல்லிவிடுவாரோ' என்ற பயத்தில் பலர் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். சொல்லாமல் ஆளைக் கூப்பிட்டுத் திருத்தினால்தான் சிக்கல் பெரிதாகிறது. உரிமையாளர் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்தால், பொறுப்பாக உள்ளவரிடம் சொல்லி, வட்ஸ்அப்பில் படத்துடன் ஒரு செய்தியும் போடுங்கள்: "ஐயா, பிரிட்ஜ் நேற்றிலிருந்து குளிரவில்லை. நாங்கள் திறக்கவில்லை. ஆளைக் கூப்பிடலாமா, செலவு யார் பொறுப்பு?" பதில் வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். பற்றுச்சீட்டை வாங்கி வையுங்கள். அவர் சம்மதிக்காமல் வாடகையில் கழிக்க வேண்டாம். பேசித் தீராவிட்டால் உங்கள் பிரதேச மத்தியஸ்த சபையை நாடலாம். எந்த நாளில் எங்கே கூடுகிறது என்பதைக் கிராம அலுவலரிடம் கேளுங்கள். வீட்டுக்கு வந்த முதல் நாளே பிரிட்ஜின் உள்ளும் புறமும் படம் எடுத்து அவருக்கு அனுப்பியிருந்தால் இந்தப் பேச்சு பாதியாகக் குறையும்.

வளவில் கைவிடப்பட்ட பழைய பிரிட்ஜ் கிடந்தால் பாகங்களுக்காக அதைக் கிளற வேண்டாம். மிதிவெடி அகற்றி முடிந்ததாக உறுதிசெய்யப்படாத இடமானால் கிட்டவே போகாமல் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். வீட்டிலேயே பாவனையற்றுக் கிடக்கும் பிரிட்ஜுக்குள் பிள்ளைகள் ஒளித்து விளையாடினால் உள்ளிருந்து கதவைத் திறக்க முடியாமல் மூச்சடைத்துப் போவார்கள். உரிமையாளரிடம் கேட்டுக் கதவைக் கழற்றிவிடுங்கள். அதற்கு அவர் சம்மதிக்கும்வரை கதவுப் பக்கத்தைச் சுவரோடு சேர்த்துத் திருப்பி, கயிற்றால் சுற்றிக் கட்டி வையுங்கள்.