பிள்ளை, நாய், செடி: திருநெல்வேலிக் கோடையை ஒரே வீட்டில் கடப்பது எப்படி?

பிசானம் அறுத்துக் களம் ஒதுங்கியதும் பாளையங்கால்வாயிலும் நெல்லைக் கால்வாயிலும் தண்ணீர் வரத்து குறையும். பக்கத்துக் கிணறுகளில் வாளி இன்னும் கொஞ்சம் ஆழம் தேடி இறங்கும். நம் பக்கத்தில் கோடை பிறப்பது அப்போதுதான். மே 4 வாக்கில் வந்து 28 வாக்கில் போகும் அக்னி நட்சத்திரம் அதன் உச்சம், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக்கும் லீவு விட்டிருக்கும். வெயில் மிகக் கடுமையாக இருக்கும் வாரங்களில்தான் பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில் இருப்பார்கள். நாய் வாசலில், செடிகள் புறவாசலில்.

இந்த மூன்றுக்கும் தாகத்தை நேரத்துக்குச் சொல்லத் தெரியாது. விளையாட்டு மும்முரத்தில் இருக்கும் நாலு வயதுப் பிள்ளை தண்ணீர் கேட்காது. நாய் காலிச் சட்டியை நக்கிவிட்டுப் பேசாமல் படுத்துக்கொள்ளும். செடி வாடிய பிறகுதான் நமக்குத் தெரியும். ஆகவே கோடைக்கு ஒரே விதிதான்: கேட்கும் முன்பே கொடுப்பது. கீழே சொல்லும் எல்லாமே அதை எப்போது, எப்படிச் செய்வது என்பதைப் பற்றியவை.

பங்குனியிலேயே முடிக்க வேண்டியவை

முதல் வேலை மண்பானை வாங்குவது. காருகுறிச்சிப் பானை கிடைத்தால் நல்லது. குடிக்க ஒரு பானை, நாய்க்கு வாய் அகன்ற கனமான ஒரு சட்டி, தோட்டத்துக்குப் பாத்திக்கு ஒன்றாகச் சிறு பானைகள். தோட்டத்துப் பானை வண்ணம் பூசியதாகவோ மெருகிட்டதாகவோ இருக்கக் கூடாது. அது கசியாது. கத்தரி, வெண்டை, மிளகாய்ச் செடிகளுக்கு நடுவில் கழுத்து வரை புதைத்து, நிரப்பி, வாயைத் தட்டுப் போட்டு மூடிவிடுங்கள். தண்ணீர் பானைச் சுவர் வழியே மெல்லக் கசிந்து வேரடிக்கே போகும். மேல்மண்ணில் ஊற்றி வெயிலுக்குப் பறிகொடுப்பது குறையும். மூடாமல் விட்டால் கொசு முட்டையிடும்.

அடுத்தது மூடாக்கு. காய்ந்த இலை, வாழைச் சருகு, தேங்காய்க் கதம்பை, எது கிடைக்கிறதோ அதைச் செடியைச் சுற்றி மூன்று விரல் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டோடு ஒட்டவிடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், இல்லாவிட்டால் கறையான் ஏறும். வேரூன்றிய முருங்கையும் கறிவேப்பிலையும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பிச்சி, ரோஜா, தொட்டிச் செடிகள் தாங்காது. மொட்டைமாடித் தொட்டிகளைக் கீழே இறக்கிக் காலை வெயில் மட்டும் படும் கிழக்குச் சுவரோரம் வையுங்கள். இறக்க முடியாதவற்றுக்கு அடியில் கதம்பையோ மரப்பலகையோ கொடுங்கள். சிமெண்டுத் தளத்தின் சூடு தொட்டி வழியே வேரைத் தாக்கும். இந்த மாதங்களில் உரம் போடுவது, தொட்டி மாற்றி நடுவது இரண்டும் வேண்டாம். புது விதைப்புக்கு ஆடி வரட்டும்.

மூன்றாவது, நாயை ஒருமுறை மருத்துவரிடம் காட்டுவது. பக்கத்து அரசு கால்நடை மருந்தகம் போதும். பெரிய சிக்கல் என்றால் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் தேதியைப் பாருங்கள், உண்ணிக்கு மருந்து கேளுங்கள், குடற்புழு மாத்திரை கொடுங்கள். நாய்க்குட்டியின் குடற்புழு மண் வழியாகப் பிள்ளைக்கும் வரும் என்பதால் இது தோட்டத்துக்கும் சேர்த்துச் செய்கிற வேலை. பிள்ளைகள் மண்ணில் விளையாடி வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதைக் கட்டாயமாக்குங்கள்.

கடைசியாகத் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அரளி, மஞ்சள் அரளி, ஊமத்தை, எருக்கு, ஆமணக்கு, குன்றிமணி இவற்றில் எது இருந்தாலும் சிறு பிள்ளைக்கும் நாய்க்கும் எட்டக் கூடாது. மஞ்சள் அரளிக் காய் உயிரையே பறிக்கும். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை உள்ள வீட்டில் அதை வேரோடு எடுத்துவிடுவதே சரி என்பது என் உறுதியான எண்ணம். வேலிக்கு வேறு செடி வைத்துக்கொள்ளலாம்.

விடியற்காலை: எட்டு மணிக்குள் பாதி நாள்

ஐந்தரைக்கு எழுந்தால் கோடை பாதி வசப்பட்டுவிடும். செடிக்குத் தண்ணீர், நாய்க்கு நடை, பிள்ளைகளின் ஓட்டம் மூன்றும் எட்டு மணிக்குள் முடிய வேண்டும்.

செடிக்கு ஊற்றுவதைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஆளுக்கு ஒரு செடி, ஒரு சிறு செம்பு. ஹோஸ் குழாய் வேண்டாம், அரை மணியில் தொட்டியே காலியாகிவிடும். ஊற்றுமுன் மண்ணில் விரலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாம் கணு வரை ஈரம் இருந்தால் அன்றைக்கு அந்தச் செடிக்கு வேண்டாம். நண்பகலில் இலை தொங்குவதைக் கண்டு பிள்ளைகள் பதறுவார்கள். வெயிலில் தொங்கி, சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் அந்தச் செடிக்கு ஒன்றுமில்லை. மறுநாள் காலையிலும் தொங்கினால்தான் அது தாகம். இதை ஒரு வாரம் கவனித்த பிள்ளைக்குச் செடியைப் பார்க்கத் தெரிந்துவிடும்.

நாயைக் கூட்டிப்போகும் முன் புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பாருங்கள். ஐந்து எண்ணும் வரை வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் வெந்துபோகும். வெயில் தாழ்ந்த பிறகும் தார் வெகுநேரம் சூடு தாங்கி நிற்கும்.

காலைச் சாப்பாட்டுக்குப் பழையதும் மோரும் போல இந்த வெயிலுக்கு ஏற்றது வேறில்லை. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த சோறு, உப்பு, மோர், தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம். வெந்நீரில் கழுவிய பாத்திரத்தில் மூடி வையுங்கள், காலையிலேயே தீர்த்துவிடுங்கள், மத்தியானத்துக்கு வைக்க வேண்டாம். மிச்சத்தை நாய்க்கு வைக்கிற வீடுகளுக்கு ஒரு சொல்: வெங்காயம் கலந்ததை வைக்காதீர்கள். வெங்காயம் நாயின் ரத்த அணுக்களை அழிக்கும், பூனைக்கு இன்னும் கேடு.

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு எந்த வெயிலிலும் தாய்ப்பால் மட்டும்தான். தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், இளநீர் எதுவும் வேண்டாம். அடிக்கடி பால் கொடுத்தால் போதும், தாய்க்குத்தான் தண்ணீர் கூடுதலாக வேண்டும். ஆச்சிமார் பாசத்தோடு ஒரு பாலாடைத் தண்ணீர் கொடுக்க வருவார்கள். அவர்கள் மனம் நோகாமல் இதைச் சொல்லிவிட வேண்டும். பெரிய பிள்ளைகளுக்கு மணிக்கு ஒருமுறை அரைத் தம்ளராவது நீங்களே கையில் கொடுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் சரியாகக் குடிக்கிறார்கள் என்று பொருள். இருபது கிலோ நாய்க்குச் சாதாரண நாளிலேயே ஒரு லிட்டருக்கு மேல் வேண்டும். சட்டியைக் காலையும் மாலையும் கழுவி நிரப்புங்கள்.

பதினொன்றிலிருந்து நாலு வரை

இந்த ஐந்து மணி நேரம் யாரும் வெளியே இல்லை. நாயும்தான். தகரக் கூரைக்கடியில் சங்கிலியில் கட்டிவைப்பது கொடுமை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். தார்சாவில் ஈரச் சாக்கு ஒன்றை விரித்து உள்ளே விடுங்கள். சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் ஊர் நாய்கள் குட்டை முடியால் கொஞ்சம் தாங்கும். பொமரேனியன் போன்றவற்றுக்கு முடி அதிகம் என்று மொட்டையடித்துவிடாதீர்கள், வெயில் நேரே தோலைச் சுடும். சீவிவிட்டால் போதும்.

பட்டாசலைத் தண்ணீர் விட்டுத் துடைத்து, காய்ந்ததும் பத்தமடைப் பாயை விரியுங்கள். கல்யாணத்துக்கு வாங்கும் பட்டுப்பாய் வேண்டாம், சாதாரணக் கோரைப்பாயே போதும். நுரை மெத்தையைப் போல உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்காது. வேர்க்குரு வந்த பிள்ளைக்குத் தளர்ந்த பருத்தித் துணி, இரண்டு வேளைக் குளியல், இந்தப் பாய் மூன்றும் போதும். பவுடரை அள்ளிக் கொட்ட வேண்டாம், மூச்சில் போகும்.

செல்பேசியைக் கையில் கொடுக்காமல் ஐந்து மணி நேரத்தை ஓட்டுவது எப்படி என்றுதான் தாய்மார் கேட்பார்கள். புளி உடைக்கும் காலமும் இதுதான். கோது எடுப்பது, கொட்டை எடுப்பது பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை. எடுத்த கொட்டையை ஒருபக்கம் தேய்த்தால் தாயத்துக்கு ஆகும், தேய்க்காதவை பல்லாங்குழிக்கு. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை பக்கத்தில் இருந்தால் கொட்டைகளை எண்ணி எடுத்து வையுங்கள், தொண்டையில் அடைக்கும்.

வற்றல் போடும் வீடுகளில் இன்னொரு வேலை உண்டு. கூழ்வற்றலுக்கு அதிகாலையில் கிண்டி, ஏழு மணிக்குள் மாடியில் பிழிந்துவிட்டுப் பிள்ளைகளைக் கீழே இறக்கிவிடுங்கள். காக்கையை விரட்ட ஒரு கறுப்புத் துணியைக் கம்பில் கட்டிவிடலாம். மோர்மிளகாயும் சீனியவரை வற்றலும் சாயங்காலம் அள்ளும்போது அவர்கள் வரட்டும். எது எத்தனை நாளில் காய்கிறது என்று ஒரு நோட்டில் எழுதச் சொன்னால் கணக்கும் வரும், தமிழும் வரும்.

நுங்கு வாங்கும்போது இளசாகப் பார்த்து வாங்குங்கள். முற்றிய நுங்கு சிறு வயிற்றுக்கு ஆகாது. தோலுரித்துச் சிறு துண்டாக நறுக்கிக் கொடுங்கள். வேர்க்குருவுக்கு நுங்குத் தண்ணீரைத் தடவுவது நம் வீடுகளில் வழக்கம். காலியான இரண்டு நுங்குக் கூந்தலைக் குச்சியில் கோத்து, கவைக்கம்பால் தள்ளினால் வண்டி. கடையில் வாங்கும் எந்தப் பொம்மையையும் விட அது ஒரு சாயங்காலத்தைச் சந்தோஷமாக நகர்த்தும். பதநீரைக் காலையிலேயே வாங்கிக் குடித்துவிட வேண்டும். வெயில் ஏற ஏறப் புளிக்கும்.

சாயங்காலத் தண்ணீர்க் கணக்கு

குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு வரும் காலத்தில் ஒவ்வொரு வாளியும் இரண்டு முறை பயன்பட வேண்டும். அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீர் நேரே பாத்திக்குப் போகலாம். பிள்ளைகள் குளித்த தண்ணீர் வாழைக்கு. பச்சையாகத் தின்னும் கீரைக்கும் மல்லிக்கும் அதை விடாதீர்கள். துணி துவைத்த பவுடர்த் தண்ணீர் எதற்கும் வேண்டாம். நாய்ச் சட்டியில் மீந்ததைக் கொட்டாமல் பிச்சிக்கு ஊற்றுங்கள்.

சேமித்து வைக்கும் டிரம்களைத் துணியால் இறுகக் கட்டி, வாரம் ஒருநாள் காலிசெய்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஏழெட்டு நாளே போதும். அதன் முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது. குருவிக்கு வைக்கும் சட்டிக்கும் இதே கவனம் வேண்டும்.

ஆற்றுக்குப் போகிற நாள்

தாமிரபரணி பக்கத்தில் ஓடும்போது பிள்ளைகளைக் கூட்டிப் போகாமல் இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். இடத்தைப் பார்த்துப் போங்கள். மாநகரத்துச் சாக்கடைகள் கலக்கும் படித்துறைகளைத் தவிர்த்து, மேலே சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் போவது நல்லது. பாபநாசத்தில் அகத்தியர் அருவி ஆண்டு முழுக்க விழும். வனத்துறை அனுமதியை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அணைக்கட்டு மதகின் கீழ்ப்புறம், மணல் அள்ளிய பள்ளங்கள், பாசி பிடித்த பாறை இந்த மூன்றிலும் இறங்கவே கூடாது. அணையில் திறக்கும் தண்ணீரைப் பொறுத்து மட்டம் மாறும் என்பதால் நேற்று முழங்கால் அளவு இருந்தது இன்றைக்கும் அப்படி இருக்கும் என்று நம்பாதீர்கள். இரண்டு பிள்ளைக்கு ஒரு பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீருக்குள்ளேயே நிற்க வேண்டும். செல்பேசி பையில் இருக்கட்டும்.

சோப்பும் ஷாம்பு உறையும் பழைய துணியும் ஆற்றில் போகக் கூடாது. அந்தத் தண்ணீரைத்தான் கீழே இருக்கிறவர்கள் குடிக்கிறார்கள். பிள்ளை இதைக் கரையிலேயே, நாம் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.

உடனே செயல்பட வேண்டிய அறிகுறிகள்

பிள்ளைக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்து, வாந்தி, மயக்கம், உளறல், வலிப்பு இவற்றில் ஒன்று வந்தாலும் அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். நிழலுக்குத் தூக்கிப் போய், துணியைத் தளர்த்தி, சாதாரணத் தண்ணீரால் உடம்பு முழுக்க நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். மயங்கிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதிய அளவுத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால் காத்திருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நாய் கட்டுக்கடங்காமல் இரைத்து, எச்சில் கெட்டியாக ஒழுகி, தள்ளாடினால் அடிவயிறு, தொடையிடுக்கு, பாதங்களை நனைத்து விசிறுங்கள். பனிக்கட்டித் தண்ணீர் வேண்டாம். நனைத்தபடியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

நாயோ பூனையோ கடித்தாலும் பிறாண்டினாலும், அது வீட்டில் வளர்ப்பதாகவே இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் புண்ணில் வைக்காதீர்கள். திட்டுவார்கள் என்ற பயத்தில் பிள்ளைகள் பிறாண்டலை மறைப்பது உண்டு. மறைக்காமல் சொன்னால் திட்டமாட்டேன் என்று லீவின் முதல் நாளே சொல்லிவையுங்கள்.

ஆம்புலன்ஸுக்கு 108, கால்நடை உதவிக்கு 1962, இவற்றோடு உங்கள் கால்நடை மருத்துவரின் எண். மூன்றையும் இன்றைக்கே பெரிதாக எழுதி, அடுக்களைச் சுவரில் பிள்ளையின் கண் மட்டத்துக்கு ஒட்டிவிடுங்கள். வீட்டு முகவரியை மனப்பாடமாகச் சொல்லவும் பழக்கிவிடுங்கள்.