சிறிய எச் தெரிந்தால் 64-ஆ?

டிஎன்ஏ வரிசையும் அதன் தரமும் பதிவாகும் ஃபாஸ்ட்க்யூ கோப்பைத் திறக்க வேண்டியது, முதல் நாலு வரியைப் பார்க்க வேண்டியது, தர வரியில் சின்ன ஆங்கில எழுத்துகள் தெரிந்தால் "64 சார்", தெரியாவிட்டால் "33 சார்". பெரும்பாக்கம், மேடவாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் உயிர்த்தகவலியல் ப்ராஜெக்ட் செய்யும் பிள்ளைகளிடம் இதை எத்தனை தடவைதான் கேட்பது! கேட்டால், சீனியர் சொன்னாராம்.

டிஎன்ஏவைப் படிக்கும் கருவி ஒவ்வொரு காரத்துக்கும் ஒரு தர மதிப்பெண் தருகிறது. 20 என்றால் நூறில் ஒன்று தப்பாக இருக்கலாம். 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. அந்த எண்ணோடு 33ஐக் கூட்டி, ஆஸ்கி பட்டியலில் அதற்குரிய குறியை எழுதுவது சாங்கர் முறை. கருவி செய்யும் இல்லுமினா நிறுவனம் ஒரு காலத்தில் 64ஐக் கூட்டியது. அதில் 40 மதிப்பெண் என்பது சிறிய எச். கோப்பு நெடுக எச் எச் என்று ஓடும். வதந்தியின் பூர்வீகம் அதுதான். 2011இல் காசாவா 1.8 மென்பொருளோடு இல்லுமினாவே 33க்குத் திரும்பியாயிற்று.

பாக்பயோ என்ற இன்னொரு நிறுவனத்தின் ஹைஃபை கோப்பில் மதிப்பெண் 93 வரை ஏறும். 33ஐக் கூட்டினால் 126, அதாவது அலைக்குறி. வழியில் சின்ன எழுத்துகளும் தாராளமாக வரும். அதை 64 என்பீர்களா? மேல் எல்லையை விடுங்கள், கீழ் எல்லையைப் பாருங்கள். ஆஸ்கி 59க்குக் கீழே ஒரு குறி கிடைத்தாலும் 33 உறுதி: ஹேஷ், காற்புள்ளி, முக்காற்புள்ளி. இல்லுமினாவின் நோவாசீக் கருவிக் கோப்புகளில் இவை சகஜம். ஆனால் நாலு வரியில் அகப்படாமல் போகலாம். லட்சம் வரியாவது ஓட்டிப் பார்க்க வேண்டும்.

தப்பாக ஊகித்தால் என்ன ஆகும்? 33ஐ 64 என்று நினைத்தால் எதிர்மறை எண் வந்து பெரும்பாலான மென்பொருள்கள் நின்றுவிடும். அது புண்ணியம். 64ஐ 33 என்று நினைத்தால் சத்தமே வராது. எல்லா மதிப்பெண்ணும் 31 ஏறிவிடும். பழைய இல்லுமினா 1.5 கோப்பில் பெரிய பி என்றால் மதிப்பெண் 2, 'இந்தப் பகுதியை நம்பாதே' என்று பொருள். அதுவே 33 ஆகி, இரண்டாயிரத்தில் ஒரு பிழை என்கிற அந்தஸ்தோடு உங்கள் முடிவுகளில் உட்காரும்.

பிள்ளைகள் சொல்லும் மற்ற காரணங்களையும் பார்ப்போம். "இல்லுமினா என்றாலே 64." டெல்லி ஐஜிஐபி ஆய்வு நிறுவனம் இந்தியர் ஒருவரின் முழு மரபணுத்தொகுதியை அறிவித்த 2009இல் சொல்லியிருந்தால் சரி. தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் அரசு மரபணு வரிசையாக்க ஆய்வகம் திறந்த 2021இல் அது பழங்கதை.

"ஃபாஸ்ட்க்யூசி சொல்லிவிட்டது." தரம் பார்க்கும் அந்த மென்பொருளும் கீழ்க்குறியை வைத்து ஊகிப்பதுதான். தரம் குறைந்ததையெல்லாம் கத்தரித்த கோப்பைக் கொடுத்தால் தடுமாறும்.

"சாங்கர் என்று காட்டுகிறது, அப்படியானால் சாங்கர் கருவியில் எடுத்தது." இல்லை, அப்பா. அது குறியாக்கத்தின் பெயர்.

"பொதுக் களஞ்சியத்தில் எல்லாம் 33." களஞ்சியமே உருவாக்கித் தரும் கோப்பு 33தான். ஆய்வாளர் அனுப்பிய மூலக் கோப்பை இறக்கினால் அவர் கொடுத்தபடிதான் இருக்கும்.

இந்த ஊகமெல்லாம் எதற்கு? கருவியின் பெயர், மென்பொருளின் பதிப்பு, எடுத்த தேதி, 33-ஆ 64-ஆ என நாலு வரியை ஒரு ரீட்மீ கோப்பில் எழுதி வைக்க ஐந்து நிமிடம் ஆகாது. அது இல்லாத எம்.எஸ்சி. ப்ராஜெக்டை வைவாவுக்கே கூப்பிடக் கூடாது என்பேன். வழிகாட்டிகள் கோபித்துக்கொள்ளட்டும்.