ஞாயிறு மசாஜ், திங்கள் ஷிப்ட்

ஓசூர் சிப்காட்டில் முதுகுவலி இல்லாத லைன் கிடையாது. வண்டி அசெம்ப்ளியில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிறவர், எலக்ட்ரானிக்ஸ் யூனிட்டில் ஷிப்ட் முடியும்வரை நிற்கும் பெண், கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பட்டறையில் கல் புரட்டுகிறவர், அத்திப்பள்ளியைத் தாண்டி தினமும் பைக்கில் பொம்மசந்திரா போய்வருகிறவர் என்று எல்லோருக்கும் வலிக்கிற இடம் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை யாரிடமாவது முதுகைக் கொடுத்து உருவிக்கொள்கிறார்கள். திங்கள் ஏ ஷிப்ட் பாதி போவதற்குள் வலி திரும்பிவிடுகிறது.

அதற்காக மசாஜை வீண் என்று தள்ளிவிட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்புவலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில் மசாஜுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. உடற்பயிற்சி போன்ற மற்ற வழிகளோடு சேர்த்து, தனித்து அல்ல. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு, 2015-இல் 25 ஆய்வுகளை அலசிவிட்டு, வலி கொஞ்ச காலம் குறைகிறது, ஆனால் ஆதாரம் பலவீனம் என்றது. எனக்குப் பிடித்தது 2011-இல் அமெரிக்காவில் 401 பேரிடம் நடந்த ஆய்வு. வாரம் ஒன்றாகப் பத்து வாரம் மசாஜ். ஒரு குழுவுக்குச் சாதாரணமாக நீவி விட்டார்கள், இன்னொரு குழுவுக்குத் தசை தசையாகத் தேடி அழுத்தினார்கள். பலன் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆறு மாதம் தாக்குப் பிடித்தது, ஒரு வருடத்தில் பெரும்பாலும் கரைந்துவிட்டது. ஆகவே ‘டீப் டிஷ்யூ’ என்று ஸ்பாவில் கூடுதலாகக் கேட்டால் யோசித்துக் கொடுங்கள். பத்து சிட்டிங் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டவே கட்டாதீர்கள்.

காசில்லாத வழியும் உண்டு. சித்த மருத்துவத்தில் மசாஜுக்குத் தொக்கணம் என்று பெயர். அரசு மருத்துவமனையில் சித்தா பிரிவு இருந்தால் அங்கே விசாரியுங்கள். தொழிலாளர் அரசு காப்பீடான இஎஸ்ஐ-யின் கார்டு இருந்தால் மருத்துவரிடம் பிசியோதெரபிக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். சலூனில் முடிவெட்டி முடித்ததும் கழுத்தை ‘டக்’கென்று திருப்புவார்களே, அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

சில வலிகளில் கை வைக்கவே கூடாது. கால் பலம் இழந்தால், தொடை இடுக்கு மரத்தால், சிறுநீர் அடைத்தால் அன்றைக்கே மருத்துவமனை போங்கள். காய்ச்சலோடு வரும் முதுகுவலிக்கும், விழுந்து அடிபட்ட முதுகுக்கும் முதலில் மருத்துவர்தான். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அதை நீவ வேண்டாம். உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம்.

ஒரு தடவை மசாஜ் தருவது கொஞ்சம் அவகாசம்தான். அதற்குள் செய்ய வேண்டிய வேலை இரண்டு. உடம்புக்கானது எளிது: படுத்தே கிடக்காமல் நடப்பது, பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சியைத் தினமும் செய்வது.

வேலையிடத்துக்கானதுதான் கடினம். கம்பெனி மருத்துவ அறைக்குப் போய் வலியைப் பதிவு செய்யுங்கள். பலரும் இதைத் தவிர்த்துவிட்டு நேரே மசாஜுக்குப் போவதால், காகிதத்தில் அவர்களுக்கு முதுகுவலியே கிடையாது. லைன் லீடரிடம் “முதுகு வலிக்குது சார்” என்று மட்டும் சொன்னால் ஒரு மாத்திரையோடு முடிந்துவிடும். “பின் எடுக்கத் தரை வரைக்கும் குனியறேன், ட்ரேயை இடுப்பு உயரத்துக்கு ஏத்திக் கொடுங்க” என்று கேளுங்கள். ஸ்டேஷன் மாற்றிச் சுழற்சி, நிற்குமிடத்தில் ரப்பர் மேட், நடுவில் உட்கார ஒரு ஸ்டூல் எல்லாம் கேட்கக்கூடியவைதான். நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி தர வேண்டும் என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவிலேயே இருந்த சங்கதி. தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் அதே ஸ்டேஷனில் நிற்கும் நான்கு பேர் சேர்ந்து கேளுங்கள்.

பளு தூக்கும்போது சட்டென்று பிடித்துக்கொண்டால், அதே ஷிப்டில் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். வேலையில் பட்ட காயம் என்று ஏற்கப்பட்டு விடுப்பு எடுக்க நேர்ந்தால் இஎஸ்ஐ தருவது கூலியில் 90 சதவீதம். சாதாரண நோய் விடுப்பு என்றால் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. இந்த நோய் விடுப்புக்கு ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள் பணம் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மசாஜ் செய்துகொண்டு புதன்கிழமை போய் “போன வாரம் தூக்கினப்ப வந்துச்சு” என்றால் நிரூபிப்பது பெரும்பாடு.

காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இந்த இஎஸ்ஐ உரிமை உண்டு. 2017-லிருந்து மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் இஎஸ்ஐ வரம்புக்குள் வருகிறார்கள். தொழிலாளியிடம் பிடிப்பது 0.75 சதவீதம். இந்த மாதச் சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் மசாஜுக்கு முன்னால் மனிதவளப் பிரிவுக்குப் போங்கள்.