சப்ளிமென்டரி ஃபைலைக் கடைசியாகத் திறந்தவர் யார்?

பெருங்குடல் புற்றுநோய் பற்றிய எங்கள் கட்டுரையின் சப்ளிமென்டரி அட்டவணை ஒன்றில், ‘செப்ட்9’ இருக்க வேண்டிய கட்டத்தில் ‘9-செப்’ என்று ஒரு தேதி அச்சாகியிருந்தது. இந்த நோய்க்கு ஒரு ரத்தப் பரிசோதனையே அந்த மரபணுவை வைத்துத்தான் செய்கிறார்கள். எங்கள் துறைக்காரர்கள் பட்டியலில் முதலில் தேடுகிற பெயரும் அதுதான். நான் மெயிலில் அனுப்பிய சிஎஸ்வி ஃபைலில் பெயர் சரியாகவே இருந்தது; மெயில் இன்னும் என்னிடம் இருக்கிறது. கூட்டாசிரியரான சீனியர் ஒருவர் தலைப்பு வரிக்கு நீல நிறம் கொடுக்க அதை எக்செலில் திறந்து, சேமித்து, தானே ஜர்னலுக்கு ஏற்றிவிட்டார். “எனக்கு ஒரு தடவை காட்டியிருக்கலாமே சார்” என்றேன். “வெறும் சப்ளிமென்டரிதானேம்மா, யாரு பார்க்கப்போறா?” என்றார். பார்த்தார்கள். திருத்த அறிவிப்பு வந்தது, முதல் ஆசிரியராக என் பெயரைத் தாங்கி.

மாதப் பெயர் சாயலில் எதைக் கண்டாலும் எக்செல் தேதியாக்கிவிடும். மார்ச்1 என்ற மரபணு மார்ச் முதல் தேதியாகும். பிறகு அந்தக் கட்டத்தை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றினாலும் பழைய பெயர் திரும்பாது. 2019-இல் திறந்த ஃபைல் என்றால் செப்ட்9 இருந்த இடத்தில் 43717 என்று ஒரு எண் வந்து நிற்கும். அது எக்செலின் நாள் கணக்கு. எக்செல் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-இல் ‘ஜீனோம் பயாலஜி’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. கடைசியில் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே இறங்கிவந்து செப்ட்9-ஐ ‘செப்டின்9’ ஆக்கிவிட்டது. மைக்ரோசாஃப்ட் இந்த மாற்றத்தை நிறுத்திவைக்க வழி கொடுத்தது 2023-இல்தான். எங்கள் சாருக்கு இதில் எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் இல்லை.

பின்னிணைப்பு என்றால் கட்டுரையோடு சேர்ந்து புரூஃபுக்கு வரும், நாலு கண் படும். சப்ளிமென்டரி பெரும்பாலும் நாம் கொடுத்தபடியே, எழுத்துப்பிழை உட்பட, இணையத்துக்குப் போகிறது. அதைத் திறக்காத ரிவியூவர்களும் உண்டு. ‘ஜர்னல் ஆஃப் நியூரோசயின்ஸ்’ 2010-இல் சப்ளிமென்டரியே வேண்டாம் என்று நிறுத்தியபோது அதிகப்படியான கெடுபிடியாகத் தெரிந்தது. இப்போது அந்த ஆசிரியர் குழுவுக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது. முடிவு எதன்மேல் நிற்கிறதோ அது கட்டுரைக்குள்ளேயே இருக்கட்டும். வார்த்தை வரம்பைக் காட்டி செய்முறையை எல்லாம் பின்னால் தள்ளச் சொல்வார்கள். முன்னுரையில் கைடின் பழைய கட்டுரைகளைப் புகழும் பத்தியை வெட்டினாலே இடம் கிடைத்துவிடும்.

மற்றதெல்லாம் வழக்கமானவை. எஸ்1, எஸ்2 என்று எண் போடுங்கள், ஒவ்வொன்றையும் கட்டுரைக்குள் ஓரிடத்திலாவது சுட்டுங்கள், அட்டவணையை பிடிஎஃப் ஆக்காதீர்கள். பயன்படுத்திய மென்பொருளுக்கான மேற்கோளை முதன்மைப் பட்டியலில் சேருங்கள். சப்ளிமென்டரியில் மட்டும் போட்டால் பெரும்பாலும் கணக்கில் ஏறாது, எழுதியவருக்குப் பலனில்லை.

பெரிய தரவை நான் இப்போது செர்ன் நடத்தும் ஸெனோடோவில் வைக்கிறேன். ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடம், தனி டிஓஐ. வெளியிட்ட ஃபைலை மாற்றினால் புதிய பதிப்பாகத்தான் ஏறும் என்பதால், யாரும் சத்தமில்லாமல் கைவைக்க முடியாது. சின்ன ஃபைலுக்கும் இதையே செய்கிறேன். ஓவர் என்கிறார்கள், சொல்லட்டும்.

சிஎஸ்வியை எக்செலில் பார்த்தே ஆக வேண்டும் என்றால் டபுள் கிளிக் செய்யாதீர்கள். ‘டேட்டா’ பகுதி வழியாக உள்ளே எடுத்து, மரபணுப் பெயர் நிரலை டெக்ஸ்ட் என்று குறியுங்கள். ஏற்றிய பிறகு ஜர்னல் போர்ட்டலிலிருந்தே இறக்கி, நோட்பேடில் திறந்து, பெயர்களை அசல் பட்டியலோடு ஒப்பிடுங்கள். போர்ட்டல் பாஸ்வேர்டு கைடிடம்தான் இருக்கும். “உனக்கு எதுக்கு அது?” என்பார். முகத்தைப் பார்க்காமல் கேட்டு வாங்கிவிடுங்கள்.