திறைசேரி வற்றினால் கடைக் கொப்பி தடிக்கும்

வரவு செலவுத் திட்டம் என்றால் அது கொழும்பில் மந்திரிமார் பேசுகிற விடயம், நமக்கு அதில் என்ன இருக்கிறது என்று நம்மவர்களில் பலர் பத்திரிகையில் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். சீனிக்கு என்ன வரி, பால்மாவுக்கு என்ன வரி என்பதோடு விடயம் முடிந்துவிடும். ஆனால் அரசாங்கத்தின் கையில் காசு குறையும்போது, அந்தக் குறை எந்த வழியாக யாழ்ப்பாணத்தில் உள்ள ஒரு சிறிய கடைக்குள் வந்து சேருகிறது என்பதை ஒவ்வொரு வியாபாரியும் தெரிந்திருக்க வேண்டும். இந்த வாரம் அதனைப் படிப்படியாகப் பார்ப்போம்.

துண்டு விழும் தொகை

அரசின் ஓராண்டு வரவைவிடச் செலவு கூடினால், அந்த வித்தியாசத்தையே துண்டு விழும் தொகை என்கிறோம். வியாபாரம் மந்தமான காலத்தில் இது தானாகவே கூடும். விற்பனை குறைந்தால் விற்பனை மீதான வரி குறையும். இறக்குமதி குறைந்தால் சுங்கத் தீர்வை குறையும். ஆனால் சம்பளம், ஓய்வூதியம், வாங்கிய கடனுக்கான வட்டி ஆகியவை குறையமாட்டா.

நமது நாட்டில் மந்தம் வருமுன்னரே இன்னொன்றும் நடந்தது. 2019 டிசம்பர் 1 முதல் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. அந்த வரிக்குப் பதிய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லை 12 மில்லியன் ரூபாவிலிருந்து 300 மில்லியன் ரூபாவாக உயர்த்தப்பட்டது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி அடியோடு நீக்கப்பட்டது. வியாபார உலகம் இதனை வரவேற்றது. நான்கு மாதம் கழியுமுன் கொரோனா முடக்கம் வந்தது. 2019 இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 12 வீதத்தை அண்டியிருந்த அரச வருமானம், 2021 இல் 8 வீதமளவுக்கு இறங்கியது. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசு அறிவித்தது.

மாகாணத்தின் மூன்று குழாய்கள்

இந்தக் குறை வடமாகாணத்துக்கு எப்படி வருகிறது? முன்னர் மாகாணங்கள் புரள்வு வரி என்ற ஒன்றைத் தாமே அறவிட்டன. 2011 இல் அது நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக மத்திய அரசு திரட்டுகின்ற மூன்று வருமானங்களில் மாகாணங்களுக்குப் பங்கு கொடுக்கப்பட்டது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒரு பங்கு, முத்திரைத் தீர்வை முழுவதும், வாகனப் பதிவுக் கட்டணத்தில் 70 வீதம்.

முதலாவது குழாய் 2019 டிசம்பரில் அந்த வரியோடு சேர்ந்து அடைபட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதால், புதிய வாகனம் பதிவதும் குறைந்து, அந்தக் குழாயும் மெலிந்தது. தனியார் வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. முத்திரைத் தீர்வையோ, காணி உறுதி எழுதுவது மந்தமானால் தானும் சுருங்கும்.

மிகுதிக்கு மாகாணம் திறைசேரியின் கொடையையே நம்பியிருக்கிறது. நிதி ஆணைக்குழு எவ்வளவு சிபாரிசு செய்தாலும், திறைசேரியில் காசு இருந்தால்தான் அது கைக்கு வரும். 2013 செப்டெம்பரில் தெரிவு செய்யப்பட்ட வடமாகாண சபையின் காலமோ 2018 ஒக்டோபரில் முடிந்துவிட்டது. நெருக்கடி வந்த வேளையில் நமக்காகக் கேட்பதற்கு மாகாண சபை உறுப்பினர் என்று ஒருவரும் இருக்கவில்லை.

எதில் கை வைப்பார்கள்?

சம்பளத்தை வெட்டுவது கஷ்டம். ஆகவே முதலில் கை வைப்பது மூலதனச் செலவில்தான். வீதி, வடிகால், வகுப்பறைக் கட்டடம், வைத்தியசாலைத் திருத்தம் ஆகியவையே நின்றுபோகும். 1990 இல் வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்து குடியேறிய நமது குடும்பங்களுக்கு மிகத் தேவையானவை இவையேதான்.

பின்னர் நெருக்கடி இன்னும் மேலே ஏறும். 2023 ஜனவரியில் காசு போதாமையால் பதவிநிலை உத்தியோகத்தர்களின் சம்பளத்தைச் சிறிது பிந்திக் கொடுக்க அமைச்சரவை தீர்மானித்தது. அதே ஆண்டு மார்ச் 9 இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல், பணம் இல்லை என்று சொல்லப்பட்டு நின்றது. அது 2025 மே 6 இல்தான் நடந்தது.

செல்வந்த நாடுகளும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் வரவுக்குள் செலவை அடக்க வேண்டும் என்ற விதியைக் கொண்டவை. 2008 இல் தொடங்கிய நெருக்கடியில் கலிபோர்னியா மாநிலத்தின் காசு தீர்ந்தது. 2009 ஜூலையில், பணம் பின்னர் தரப்படும் என்ற கடன் சீட்டுகளை அது கொடுக்கத் தொடங்கியது. அவற்றைப் பெற்றவர்களில் அந்த அரசுக்குப் பொருள் விற்ற வியாபாரிகளும் இருந்தார்கள். ஆனால் அங்கே கையில் ஒரு சீட்டாவது இருந்தது, அதற்கு வட்டியும் இருந்தது. இங்கே நமக்குக் கிடைப்பது "வரும்" என்ற வார்த்தை மட்டுமே.

கடைக்குள் வரும் வழி

சீமெந்தும் கம்பியும் விற்கிற எனது கடையில் 2022 இல் ஓர் ஒப்பந்தக்காரர் சொன்னது இது: "முதலாளி, பில்லைக் குடுத்து ஏழு மாசம். போய்க் கேட்டால், மேல இருந்து காசு வரட்டும் எண்டு சொல்லுறாங்கள்." அவர் நேர்மையான மனிதர். அரசு அவருக்குக் கொடுக்கவில்லை, அவர் எனக்குக் கொடுக்கவில்லை, நான் கொழும்பு மொத்த வியாபாரிக்குக் காசோலை எழுதிவிட்டேன். ஆக, அரசின் துண்டு விழும் தொகையில் ஒரு துண்டை எனது கடை சுமந்தது.

இதில் உள்ள நட்டத்தை ஒரு கணக்கின் மூலம் பார்ப்போம். ஒரு கடைக்காரர் 2021 இன் இறுதியில் பை 1,250 ரூபா வீதம் 400 பை சீமெந்து கடனுக்குக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். வரவேண்டியது 5 இலட்சம் ரூபா. 2022 நடுப்பகுதியில் அந்தக் காசு ஒரு சதமும் குறையாமல் வந்து சேர்கிறது. ஆனால் அப்போது பையின் விலை 3,000 ரூபா அளவில். அந்த 5 இலட்சத்துக்கு வாங்கக்கூடியது 166 பை மட்டுமே. கொப்பியில் கடன் தீர்ந்துவிட்டது. களஞ்சியத்திலோ 234 பை குறைந்துவிட்டது.

வங்கியில் வட்டிக்கு எடுத்துச் சமாளிப்பவர்களுக்கும் விடிவில்லை. அரசே கடன் தேடி அலைந்த அந்த ஆண்டில் திறைசேரி உண்டியல் வட்டி 30 வீதத்தைத் தாண்டியது. வட்டி வாங்குவதும் கொடுப்பதும் நமக்கு ஆகாது. பிந்திய காசுக்கு நாம் மேலதிகமாக ஒன்றும் கேட்க முடியாது. ஆகவே நமது பாதுகாப்பு முழுவதும் பொருள் கடையை விட்டுப் போகுமுன் செய்யும் ஏற்பாட்டிலேயே இருக்கிறது.

வியாபாரி செய்ய வேண்டியவை

1. அரச வேலைக்குப் பொருள் கேட்பவரிடம், காசு ஒதுக்கப்பட்டதா என்று மட்டும் கேட்க வேண்டாம், விடுவிக்கப்பட்டதா என்றும் கேளுங்கள். ஒதுக்கீடு கடதாசியில் இருப்பது. விடுவிக்கப்பட்டதே காசு.

2. அரச வேலைகளுக்குப் போகும் கடன் முழுவதையும் கூட்டிப் பாருங்கள். பத்துப் பேரின் பெயரில் இருந்தாலும், கொடுக்க வேண்டியவர் கடைசியில் ஒருவர்தான். எனது கணக்கில் அது முதலில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது.

3. பாதி முற்பணம் வாங்குங்கள். பொருளைப் பகுதி பகுதியாகக் கொடுங்கள். முதல் பகுதியின் காசு வந்த பின் அடுத்த பகுதிக்கு அன்றைய விலையைப் பேசுங்கள்.

4. தெரிந்தவர், சொந்தக்காரர் என்று பாராமல் திகதியோடு எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.

5. பலசரக்குக் கடைக்காரர்கள், அரச உத்தியோகத்தர் குடும்பங்களின் மாதக் கணக்கையும் கவனியுங்கள். சம்பளம் பிந்தினால் அந்தக் கொப்பியும் தடிக்கும். நல்ல மாதங்களில் சிறு தொகையை ஒதுக்கி வைத்திருந்தால்தான் அப்படியான வீடுகளுக்கு முகம் சுளிக்காமல் இன்னும் ஒரு மாதம் அரிசி கொடுக்கலாம்.

வரி குறைகிறது என்ற செய்தி இனியும் வரும். வரும்போது, எந்தக் குழாய் அடைபடப்போகிறது, அந்தக் குழாயில் தண்ணீர் குடித்தவர்கள் யார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நமது ஒழுங்கையின் வடிகாலும் நமது பிள்ளைகளின் வகுப்பறையும் அந்த வரிசையில் நிற்கக்கூடும்.